2020-ல் நாம் பயந்த பெருமந்தமும் வந்து சேர்ந்த நஷ்டமும்

2020 ஏப்ரல் நடுவில், கொரோனா தொற்று உலகத்தை முடக்கியிருந்தபோது, சர்வதேச நாணய நிதியம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அந்த வருடம் உலகப் பொருளாதாரம் 3 சதவீதம் சுருங்கும், 1930-களின் பெருமந்தத்துக்குப் பிறகு இவ்வளவு மோசமான வருடம் இருந்ததில்லை என்றது. அதற்கு மூன்று வாரம் முன்பே, அமெரிக்க மத்திய வங்கியின் செயின்ட் லூயிஸ் பிரிவுத் தலைவராக இருந்த ஜேம்ஸ் புல்லார்ட், அங்கே வேலையின்மை 30 சதவீதத்தைத் தொடலாம் என்று சொல்லியிருந்தார். ஏப்ரல் 20-ம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்த விலை பூஜ்யத்துக்கும் கீழே விழுந்து, பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலரில் முடிந்தது. எண்ணெயை வைக்க இடமில்லாமல், எடுத்துக்கொண்டு போகிறவருக்குப் பணமும் தருகிறோம் என்ற நிலை.

நம் வீடுகளில் கேள்விகள் இதைவிட நேரடியாக இருந்தன. பேங்கில் போட்ட பணம் பத்திரமாக இருக்குமா? டெபாசிட்டை உடைத்துக் கையில் வைத்துக்கொள்ளலாமா? பாதிச் சம்பளம் என்கிறார்களே, வீட்டுக்கடன் தவணையை எப்படிக் கட்டுவது? கடை திறக்கும்போது பழைய வாடிக்கையாளர் வருவாரா?

இதையெல்லாம் வீண் பீதி என்று இன்றைக்கு ஒதுக்கிவிடுவது சுலபம். உலகம் 1930-களுக்குத் திரும்பவில்லை. பங்குச் சந்தை அந்த வருடமே மீண்டது. ஆனால் மக்கள் பயந்தது நடக்கவே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடந்தது. நாட்டின் மொத்தக் கணக்கில் அது தெரியவில்லை, கணக்குக்குள் வராத வீடுகளில் தெரிந்தது.

பெருமந்தம் என்றால் எல்லோரும் 1929-ன் நியூயார்க் பங்குச் சந்தையைச் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவை முடக்கியது சந்தைச் சரிவு மட்டும் அல்ல, அதற்குப் பின்னால் வந்த நாலு வருடங்கள். 1930-க்கும் 1933-க்கும் இடையில் சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. அப்போது வைப்புக் காப்பீடு கிடையாது. வங்கி போனால் போட்ட பணமும் போனது. மத்திய வங்கி பணப்புழக்கத்தை மூன்றில் ஒரு பங்கு சுருங்க விட்டது. விலைகள் விழுந்தன, கூலி விழுந்தது, கடன் தொகை மட்டும் அப்படியே நின்றது. 1933-ல் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை.

அந்த மந்தம் தமிழ் நாட்டுக்கு வந்த பாதை வேறு. நெல் விலை பாதியாகச் சரிந்தது. நிலவரியோ பணத்தில் கட்ட வேண்டியது, அது குறையவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயத்தைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த முறையிலிருந்து விலகியதும் ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறியது. விவசாயக் குடும்பங்கள் நகையை விற்றன, கப்பல் கப்பலாகத் தங்கம் இந்தியாவை விட்டுப் போனது. பர்மாவில் அரிசி விலை விழுந்தபோது, இங்கிருந்து போன செட்டியார்களிடம் கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியவில்லை. 1930-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1930-களின் முடிவில் அது கால்வாசி ஆகியிருந்தது. நிலம் வேண்டும் என்று அவர்கள் வாங்கியது இல்லை அது. வராத கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலம். பர்மியர்களின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணமானது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம், இரண்டு காலங்களிலும் சரிவு கிளம்பிய இடம் வேறு என்பதால்தான். 1930-களில் கடனும் வங்கியும் விலையும் ஒன்றையொன்று கீழே இழுத்தன. யாரும் கட்டளை போட்டு நிறுத்தியது இல்லை, அதனால் கட்டளை போட்டுத் திறக்கவும் முடியவில்லை. 2020-ல் தொழிற்சாலையும் பஸ்ஸும் ஹோட்டலும் நின்றதற்குக் காரணம் நோய். வைரஸ் வந்த அன்று மெஷின் கெடவில்லை, தொழிலாளி கைத்தொழிலை மறக்கவில்லை, வாங்குகிறவருக்கு ஆசையும் போகவில்லை. திறந்தால் திரும்ப ஓடும். இடைப்பட்ட மாதங்களில் எத்தனை கடை, எத்தனை குடும்பம் தாக்குப்பிடிக்கும் என்பதே முழுக் கேள்வியும்.

ஒன்று தெளிவாக வேண்டும். நிறுத்தியது அரசின் ஊரடங்கா, மக்களின் பயமா? அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் ஆஸ்டன் கூல்ஸ்பியும் சாட் சைவர்சனும் செல்போன் தரவுகளை வைத்து, 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்கு ஆட்கள் போய்வந்ததைப் பார்த்தார்கள். மொத்தத்தில் 60 சதவீதப் புள்ளி அளவுக்கு ஆள்வரவு குறைந்தது. அதில் சட்டக் கட்டுப்பாட்டால் வந்தது 7 புள்ளிதான். மீதி, மக்கள் தாங்களாகவே வீட்டுக்குள் இருந்ததால். டென்மார்க் ஊரடங்கு போட்டது, பக்கத்திலிருக்கும் ஸ்வீடன் பெரிய அளவில் போடவில்லை. செலவு டென்மார்க்கில் 29 சதவீதம் குறைந்தது, ஸ்வீடனில் 25. ஊரடங்கு போடாமல் இருந்திருந்தால் வியாபாரம் நன்றாகவே நடந்திருக்கும் என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்தியாவுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, நாலு மணி நேரத்தில் நாடு முழுவதையும் மூடிய நாடு இது. இங்கே தினக்கூலிக்காரருக்கு, பயந்து வீட்டிலிருக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வசதியே கொடுக்கப்படவில்லை.

ஆகஸ்ட் 31-ம் தேதி தேசிய புள்ளியியல் அலுவலகம் ஏப்ரல்–ஜூன் கணக்கை வெளியிட்டது. முந்தைய வருடத்தின் அதே காலாண்டோடு பார்த்தால் நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியிருந்தது. பெரிய நாடுகளில் மிக மோசமான சரிவுகளில் இது ஒன்று. கட்டுமானம் பாதியாகியிருந்தது. வணிகம், ஹோட்டல், போக்குவரத்து எல்லாம் சேர்ந்த பிரிவு 47 சதவீதம் விழுந்தது. தொழிற்சாலை உற்பத்தி 39 சதவீதம். விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்தது. சிஎம்ஐஇ என்ற தனியார் ஆய்வு அமைப்பின் கணக்கெடுப்பில் ஏப்ரலில் வேலையின்மை 23.5 சதவீதம், அந்த ஒரு மாதத்தில் வேலையிழந்தவர்கள் சுமார் 12 கோடிப் பேர்.

அந்த மாதங்களில் குடும்பங்கள் என்ன செய்தன? சேர்த்து வைத்தன. ரிசர்வ் வங்கியின் மதிப்பீட்டில், குடும்பங்களின் நிதிச் சேமிப்பு அந்தக் காலாண்டில் நாட்டு வருமானத்தில் 21 சதவீதம். வழக்கமான அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கடை திறக்காததால் செலவழிக்க வழியில்லை என்பது ஒரு காரணம், நாளைக்கு என்ன ஆகுமோ என்பது இன்னொன்று. புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பு 2020–21-ல் 16.8 சதவீதம் கூடியது. பொருளாதாரம் சுருங்கிய வருடத்தில் கையிருப்பு நோட்டு கூடியது என்றால், அது வியாபாரத்துக்காக எடுத்த பணம் அல்ல. பீரோவில் உட்கார்ந்த பணம். வங்கி வைப்புகளும் அதே வருடம் கூடின. கையிலும் வைத்தார்கள், வங்கியிலும் வைத்தார்கள், வெளியே விடவில்லை.

வங்கி பற்றிய பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் பணம் எடுக்கத் தடை வந்தது. 2020 மார்ச் 5-ம் தேதி, அதாவது ஊரடங்குக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது, யெஸ் வங்கியில் ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஏப்ரல் 23-ல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் தன் ஆறு கடன் பத்திர ஃபண்டுகளை மூடியது. ஓய்வூதியப் பணத்தை அதில் போட்டவர்கள் தவித்துப் போனார்கள். இத்தனையும் பார்த்தவர்கள் டெபாசிட்டைப் பற்றிக் கவலைப்பட்டது நியாயம்தான். இன்னொரு பக்கம், வைப்புக் காப்பீட்டுத் தொகை 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக அந்தப் பிப்ரவரியில்தான் உயர்ந்திருந்தது. அது பலருக்குத் தெரியவே இல்லை. ரிசர்வ் வங்கி மார்ச் 27-ல் ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 0.75 சதவீதப் புள்ளி குறைத்தது, மே மாதம் 4 சதவீதத்துக்கு இறக்கியது, கடன் தவணைகளை ஆகஸ்ட் முடிய ஒத்திவைக்க அனுமதித்தது, மியூச்சுவல் ஃபண்டுகளுக்கென்று 50,000 கோடிக்கு வழி திறந்தது. 1930-களில் மத்திய வங்கிகள் செய்யாமல் விட்டதை இந்த முறை பல நாடுகளிலும் செய்தார்கள். வங்கிகள் வரிசையாக விழவில்லை. மக்கள் பயந்ததில் நடக்காமல் போனது முதலில் இதுதான், அதற்குக் காரணம் அதிர்ஷ்டம் இல்லை.

சேமிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு குடும்பம் கையை இறுக்குவது புத்திசாலித்தனம். எல்லாக் குடும்பமும் ஒரே மாதத்தில் இறுக்கினால், தையல்காரருக்கும் சலூன்காரருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் வருமானம் நிற்கிறது. பிறகு அவர்களும் இறுக்குகிறார்கள். 1930-களில் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் சொன்னது இதைத்தான். யாராவது ஒருவர் எதிர்த்திசையில் செலவழிக்க வேண்டும், அந்த ஒருவர் அரசாகத்தான் இருக்க முடியும் என்பதும் அதன் தொடர்ச்சி. 2020 ஏப்ரல்–ஜூனில் தனியார் நுகர்வு 26.7 சதவீதம் குறைந்தபோது அரசின் செலவு 16 சதவீதம் கூடியது. ஆனால் அளவில் அரசு சிறியது, அந்தப் பள்ளத்தை மூட அது போதவில்லை.

சரி, அப்புறம் எப்படி மீண்டது? இங்கேதான் சதவீதக் கணக்கு பலரைக் குழப்பியது. 2021 ஏப்ரல்–ஜூனில் பொருளாதாரம் 20.1 சதவீதம் வளர்ந்ததாகச் செய்தி வந்தது. 100 என்று இருந்தது முந்தைய வருடம் 75.6-க்கு இறங்கியது (23.9 என்றது திருத்தப்பட்டு 24.4 ஆகியிருந்தது). 75.6-ல் 20.1 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 91 வருகிறது. அதாவது சாதனை வளர்ச்சி என்று சொன்ன அந்த நாளில், இரண்டு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட நாடு 9 சதவீதம் கீழேதான் இருந்தது. 2020–21 முழு வருடச் சரிவு 7.3 சதவீதம் என்று 2021 மே மாதம் சொன்னார்கள், பிறகு திருத்தித் திருத்தி 5.8 ஆனது. அடுத்த வருட வளர்ச்சி 9 சதவீதத்துக்கு மேல். மொத்தமாக எடுத்தால் பள்ளத்தை மூடிவிட்டது.

மும்பை பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 26,000-க்கும் கீழே போனது. பத்தே மாதத்தில், 2021 ஜனவரியில், 50,000-ஐத் தொட்டது. பட்டியலிட்ட பெரிய கம்பெனிகளின் லாபம், பொருளாதாரம் சுருங்கிய அதே 2020–21-ல் கூடியது. மூலப்பொருள் மலிவாக இருந்தது, வட்டி குறைந்தது, ஆட்செலவைக் குறைத்தார்கள், எதிரிலிருந்த சின்ன போட்டியாளர்கள் பலர் கடையை மூடினார்கள். காலாண்டு ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி, கணக்குப் போடும்போது முதலில் கிடைப்பது இந்தப் பெரிய கம்பெனிகளின் கணக்குதான். அமைப்புசாராத் தொழில்களுக்கு அப்போது நேரடி விவரம் கிடையாது, பெருமளவில் மற்றவற்றிலிருந்து ஊகித்தே போடுகிறார்கள். எனவே பெரியவர்கள் நன்றாக இருந்தால் எல்லோரும் நன்றாக இருப்பதுபோல் எண் காட்டும். சின்னவரிடமிருந்து பெரியவருக்குக் கைமாறிய வியாபாரம்கூட வளர்ச்சியாகவே பதிவாகும்.

நஷ்டம் எங்கே போனது என்று பார்க்க வேறு கணக்குகளைத் திறக்க வேண்டும். எனக்கு மிக முக்கியமாகப் படுவது தொழிலாளர் கணக்கெடுப்பின் ஒரே ஒரு எண். இந்தியாவில் வேலை செய்கிறவர்களில் விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தது. 2018–19-ல் 42.5 சதவீதம். 2019–20-ல் அது 45.6 ஆனது, 2020–21-ல் 46.5. ஒரு நாடு வளரும்போது நடக்க வேண்டியதற்கு நேர் எதிர். விவசாயத்தில் திடீரென்று வேலை பெருகியதால் போனவர்கள் இல்லை இவர்கள். நகரத்தில் வழியில்லாமல், வெளியூர்த் தொழிலாளர்களுக்காக விட்ட ஷ்ராமிக் ரயில்களில் மட்டும் 63 லட்சம் பேர், நடந்தும் லாரியிலும் எண்ண முடியாத அளவு பேர் ஊருக்குப் போனார்கள். இருந்த காணியில் இன்னொரு ஆளாக இறங்கினார்கள். வேலையில்லாதவர் என்று கணக்கில் வர மாட்டார்கள், வருமானம் மட்டும் பாதியாகியிருக்கும். 2023–24-லும் இந்தப் பங்கு 46.1 சதவீதம். ஜிடிபி பள்ளத்தை மூடி வருடங்கள் ஆன பிறகும் இந்தக் கணக்கு 2019-க்குத் திரும்பவில்லை.

நூறு நாள் வேலையின் கணக்கும் அதையே சொல்கிறது. 2019–20-ல் 265 கோடி மனித நாட்களாக இருந்தது 2020–21-ல் 389 கோடி ஆனது. வெயிலில் மண் வெட்டிக் கூலி வாங்க, பட்டம் படித்தவர்களும் வந்து நின்ற வருடம் அது. அந்தத் திட்டம் மட்டும் இல்லாதிருந்தால் கிராமங்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

நகைக் கடனையும் பாருங்கள். வங்கிகள் நகையின் பேரில் கொடுத்த சில்லறைக் கடன் 2020 மார்ச்சுக்கும் 2021 மார்ச்சுக்கும் இடையில் 80 சதவீதத்துக்கு மேல் கூடியது. தங்கம் விலை ஏறியிருந்தது, 2020 ஆகஸ்டில் சென்னையில் சவரன் 40,000 ரூபாயைத் தாண்டி நின்றது. அதே மாதம் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 சதவீதம் வரை என்றிருந்த கடன் வரம்பை 90 ஆக்கியது. அவசரத்துக்கு உதவிய முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் பீரோவில் நோட்டு சேர்ந்த அதே வருடம், இன்னொரு தெருவில் தாலிக்கொடி அடகுக்குப் போனது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் குடும்பங்களின் சேமிப்பு கூடியது என்று வரும். தமிழ்நாட்டில் 2021 தேர்தலில் கூட்டுறவு நகைக் கடன் தள்ளுபடி எவ்வளவு பெரிய பேச்சாக இருந்தது என்பது நினைவிருக்கும். புதிய அரசு 5 சவரன் வரை தள்ளுபடி செய்தது. மந்தம் வரும்போது தமிழ்க் குடும்பம் முதலில் எதைத் தொடும் என்பது 1931-க்கும் 2020-க்கும் இடையில் மாறவே இல்லை.

திருப்பூரில் 2020 மார்ச், ஏப்ரலில் ஐரோப்பிய, அமெரிக்க பையர்கள் ஆர்டரை ரத்து செய்தார்கள், அனுப்பிய சரக்குக்குப் பணத்தை நிறுத்தினார்கள். அப்போது அங்கே பேசியவர்கள் தொழில் எழுந்திருக்கப் பல வருடம் ஆகும் என்றுதான் பயந்தார்கள். ஆனால் 2021–22-ல் பின்னலாடை ஏற்றுமதி 33,000 கோடி ரூபாயைத் தாண்டியது, தொற்றுக்கு முன்பு இருந்ததைவிட அதிகம். ஊரின் மொத்த எண் அழகாக மீண்டது. அதே நேரம் நூல் விலை தாறுமாறாக ஏறியது. முன்பணம் போட்டு நூல் வாங்க முடிந்த கம்பெனி நின்றது. நாலு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுத்தவர் பலர் மெஷினை விற்றுவிட்டுப் பெரிய கம்பெனிக்கே பீஸ் ரேட்டுக்குப் போனார்கள். முதலாளியாக இருந்தவர் கூலியாளாக மாறியதை எந்த ஏற்றுமதிப் புள்ளிவிவரமும் பதிவு செய்யாது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இங்கே என்ன விட்டுப்போனது என்று தெரியும். அங்கே 2020 ஏப்ரலில் வேலையின்மை 14.7 சதவீதத்தைத் தொட்டது, பெருமந்தத்துக்குப் பிறகு காணாத அளவு. ஆனால் அதற்கு முன்பே, மார்ச் 27-ல், 2.2 லட்சம் கோடி டாலர் சட்டம் நிறைவேறிவிட்டது. வயதுவந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தலைக்கு 1,200 டாலர் காசோலை, வேலையிழந்தவருக்கு வாரம் 600 டாலர் கூடுதல். அங்கே மந்தம் இரண்டே மாதம்தான் நீடித்தது என்று பிறகு அதிகாரபூர்வமாகத் தீர்மானித்தார்கள், பதிவானவற்றில் மிகக் குறுகியது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் வறுமை அளவுகோலின்படி, அந்த வருடம் வறுமை குறைந்தது. வேலை போன வருடத்தில் வறுமை குறைந்தது என்பதைச் சிறிது நேரம் யோசித்துப் பார்க்க வேண்டும். பெருமந்தத்தைத் தடுத்தது சந்தையின் வலிமை அல்ல. வீடுகளுக்கு வருமானம் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டதுதான்.

அமெரிக்கா டாலரை அச்சடிக்கும் நாடு, நம்மால் அப்படிச் செய்ய முடியாது என்பது உண்மை. அதே அளவு யாரும் கேட்கவும் இல்லை. பொருளாதார அறிஞர்கள் அமர்த்தியா சென், ரகுராம் ராஜன், அபிஜித் பானர்ஜி மூவரும் சேர்ந்து ஏப்ரலிலேயே எழுதினார்கள்: கிடங்கில் இருக்கும் தானியத்தை, கார்டு இல்லாதவருக்கும் தற்காலிக ரேஷன் அட்டை கொடுத்து வழங்குங்கள், கையில் பணம் கொடுங்கள் என்று. ஏழைகளைக் காக்க எவ்வளவு தேவைப்படும் என்று கேட்டபோது ராஜன் சொன்ன தொகை 65,000 கோடி ரூபாய். அதற்கு ஏழு மாதம் முன்பு, 2019 செப்டம்பரில், கம்பெனி வரியைக் குறைத்தபோது அரசே சொன்ன வருவாய் இழப்பு 1.45 லட்சம் கோடி.

தானியம் கொடுத்தார்கள். 80 கோடிப் பேருக்கு மாதம் தலைக்கு 5 கிலோ, இலவசமாக. இது பெரிய காரியம், பட்டினியை அது தடுத்தது என்று தயங்காமல் சொல்லலாம். பணம்தான் வரவில்லை. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதம். தமிழ்நாடு அரசு ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது, 2021 இரண்டாம் அலையில் இரண்டு தவணையாக 4,000. 2020 மே மாதம் பிரதமர் அறிவித்த 20 லட்சம் கோடித் தொகுப்பில் பெரும்பகுதி ரிசர்வ் வங்கியின் நிதி வசதியும் கடன் உத்தரவாதமும்தான். வியாபாரமே இல்லாத கடைக்காரருக்குக் கடன் கொடுப்பது, அவர் நஷ்டத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பது மட்டுமே. ஒத்திவைத்த தவணைக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் விலை உலகில் விழுந்து கிடந்தபோது அதன் பலனும் மக்களுக்கு வரவில்லை. மே 5 இரவு மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் கலால் வரியை ஏற்றியது, தமிழ்நாடு அரசும் தன் வரியை அதற்கு ஓரிரு நாள் முன்பு கூட்டியிருந்தது. பயந்துபோயிருந்த மக்கள் கையை இறுக்கியதைக் குறை சொல்ல எந்த அரசுக்கும் உரிமை இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

பயந்த இன்னொன்று, விலைகள் அடியோடு விழும் என்பது. நடந்தது நேர்மாறு. ஆலைகளும் துறைமுகங்களும் ஒரே வேகத்தில் திறக்கவில்லை, கன்டெய்னர் கிடைக்கவில்லை, சிப் கிடைக்கவில்லை, பணக்கார நாடுகளில் கையில் பணம் இருந்தது, 2022 பிப்ரவரியில் உக்ரைன் போரும் தொடங்கியது. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது வருடத்தில் இல்லாதது. இந்தியாவில் அந்த ஏப்ரலில் 7.79. சமையல் எண்ணெய்க்கும் சிலிண்டருக்கும் கொடுத்த விலையில் அந்த இரண்டாவது அடி ஏழைகள் மேல்தான் விழுந்தது.

பயந்தது அப்படியே நடந்த நாடும் ஒன்று உண்டு, அது நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. இலங்கையின் பொருளாதாரம் 2020-ல் இந்தியாவைவிடக் குறைவாகத்தான் சுருங்கியது. அந்த வருட எண்ணைப் பார்த்தவர்கள் தப்பித்தது என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் தொற்று வருவதற்கு முன்பே அங்கே அடித்தளம் ஆடியிருந்தது. 2019 ஈஸ்டர் தாக்குதலில் சுற்றுலா அடிபட்டது. அந்த டிசம்பரில் புதிய அரசு வாட் வரியை 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்து வருமானத்தை இழந்தது. வெளிநாட்டுக் கடனோ மலைபோல் இருந்தது. 2018-ல் 23 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2021-ல் இரண்டு லட்சம் பேர்கூட வரவில்லை. டாலர் வரவு நின்றது. 2021-ல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டு விளைச்சலையும் கெடுத்துக்கொண்டார்கள். 2019 இறுதியில் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2022 மார்ச்சில் 200 கோடிக்கும் கீழே போனது. ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம், உணவுக்கு மட்டும் 95-ஐ ஒட்டி.

பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கில் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, சாப்பாட்டு வேளையைக் குறைத்துக்கொண்ட குடும்பங்கள். 2022 மார்ச் 22 அன்று மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கைக்குழந்தைகளோடு 16 பேர் கடல் கடந்து ராமேசுவரம் கரைக்கு வந்தார்கள். போரால் வந்த காலம் போய், அரிசி விலையால் வந்தார்கள். அதற்குப் பிறகும் படகுகள் வந்தன. மே மாதம் சென்னையிலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்தோடு முதல் கப்பல் கொழும்புக்குப் போனது. அந்த வருடம் இலங்கையின் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, 2020-ஐவிட மோசமாக.

இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே நோய், ஏறக்குறைய ஒரே மாதங்களில். வித்தியாசம், அடி விழும்போது கையில் இருந்ததில். இந்தியாவுக்குக் கிடங்கில் தானியமும் டாலர் கையிருப்பும் இருந்தன, எண்ணெய் விலை இறங்கியபோது அது இன்னும் கூடியது. இலங்கைக்கு இரண்டும் இல்லை. தொற்றுக்குப் பிறகு மந்தம் வருமா என்ற கேள்விக்கு, தொற்றுக்கு முன்பு போட்ட வரவு செலவில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பதில், நின்றுபோன வருமானத்தை யார் எத்தனை நாளில் ஈடு செய்கிறார்கள் என்பதில்.

அந்த இரண்டாவது பாதியில் இந்தியா 2020-க்குப் பிறகு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டு அட்டை உள்ள தொழிலாளி வேலையிழந்தால் 90 நாள் வரை பாதிச் சம்பளம் தரும் திட்டத்தை 2020 ஆகஸ்டில் விரிவாக்கினார்கள். அட்டை இல்லாதவர்களே பெரும்பான்மை. அவர்களுக்காக 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் என்ற பதிவுத் தளம் தொடங்கி, 30 கோடிக்கும் அதிகமான பேரைப் பதிவு செய்திருக்கிறார்கள். கட்டிடத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்கிறவரும் தெருவில் கடை போடுகிறவரும் பெயரோடு, வங்கிக் கணக்கு எண்ணோடு அதில் இருக்கிறார்கள். இன்னொரு தொற்றோ, வேறு எதுவோ வந்து நாடு ஒருநாள் மூடப்பட்டால், அந்தக் கணக்குகளுக்கு எத்தனை நாளுக்குள் எவ்வளவு ரூபாய் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு விதி அதில் இல்லை. அதை எழுத நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெயர்களும் கணக்கு எண்களும் ஏற்கெனவே அரசிடம் இருக்கின்றன.